பெயர் கேட்காத பெட்டி

2008 ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று மாலை மழை. தைத்து அலசிக் காயப்போட்ட உறைகள் ஒன்றும் காயவில்லை. ஹாலில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மச்சான் (வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) குனிந்து குனிந்து நடந்து டீ குடித்துவிட்டுத் தன் பெயிண்ட் கடைக்குப் போனார்.

பின் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். காலையிலிருந்து மைக். என்னோடு சேர்ந்து தைக்கிற ஸ்டெல்லா வரும்போதே ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "சர்ச்சுக்குப் போற புள்ள, துலுக்க வூட்டுல உக்காந்து அம்மன் கூழ் குடிக்குது, பாத்துக்கோங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

பதினொரு மணிக்குப் பிரகாஷ் வந்தார். வேளச்சேரியில் ஏதோ வெப் மார்க்கெட்டிங் கம்பெனியாம். இஸ்திரி போட்ட சட்டை, டை, தோளில் லேப்டாப் பை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார். மோர் கொடுத்தேன். நாங்கள் என்ன விற்கிறோம் என்று கேட்டார். ஸ்டெல்லா நர்ஸ் இல்லையா, நேராகச் சொல்லிவிட்டாள். "மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன்ல எடுத்துடுவாங்க இல்ல சார். அந்த எடத்துல உள்ள வெச்சுக்கறதுக்கு. பஞ்சு, உள்ளே கண்ணாடி மணி, கனத்துக்கு. அதுக்கு ஏத்த பாடி, ப்ளவுஸ்." பாவம், அவர் மோர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வைத்திருக்கும் சாமான்கள், பிறகு யோசிக்க:
– மொத்தமாக ஈமெயில். லட்சக்கணக்கான முகவரி ஒரு சி.டி.யில்
– மொத்தமாக எஸ்.எம்.எஸ்.
– நம் வெப்சைட்டைத் தேடல் பக்கங்களில் பதிவது. 'முதல் பக்கம் கியாரண்டி'
– வாராவாரம் தானாகவே கடிதம் அனுப்பும் சாஃப்ட்வேர், சந்தா டாலரில்
– யாராவது தேடினால் பக்கத்தில் நம் விளம்பரம். அமுக்கினால்தான் காசு
– வெப்சைட் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, வருகிறவர் நம்மோடு டைப் அடித்துப் பேசலாம்

எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். "பல்க் மெயில்தான் மேடம் பெஸ்ட். மத்ததெல்லாம் சும்மா டெக்கரேஷன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கரண்ட் இல்லை. இடது கை கனமாக இருக்கிறது, நேற்று கொடி கட்டியதில். ஸ்டெல்லா பலகையில் தலையணை வைத்துக் கையைத் தூக்கி வைத்தாள், தேய்த்துவிட்டாள். நான்கு வருடத்துக்கு முன் வார்டில் தேய்த்த அதே கை, அதே சத்தம் போடும் வாய். "கொடி கட்ட மச்சானை விடுங்கக்கா. உயரமா வளர்ந்து வேற எதுக்கு?"

அன்று அவள் என் கட்டிலுக்கு வந்திராவிட்டால் நான் என்னவாகியிருப்பேனோ. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டேன். தரவில்லை. தன் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிப் பஞ்சை அடைத்து, என் ரவிக்கைக்குள் வைத்து, "இப்போ பாருங்க" என்றாள். அதுதான் நாங்கள் செய்த முதல் பேட்.

இன்று அவள் சொன்னது: குரோம்பேட்டை நர்ஸிங் ஹோமில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை. ஆர்டர் எங்கே? ஆஸ்பத்திரியில் போர்டில் ஒட்ட விடமாட்டார்கள். கடையில் வைக்கலாம் என்றால் கவுன்டரில் ஆம்பளைப் பையன்கள், எந்தப் பெண் போய்க் கேட்பாள்? வார்டில் ஒருத்தி இன்னொருத்தி காதில் சொல்லி வருவதுதான். அதை நம்பி இரண்டு குடும்பம் ஓடாது. அதனால்தான் இந்த நெட். இதிலும் எதை வாங்குவது, எதை விடுவது, ஒன்றும் புரியவில்லை.

மச்சானிடம் கேட்டேன். "எனக்கு பெயிண்ட் தெரியும். பெயிண்டுக்கு முன்னாடி ஒரு சுவருக்கு என்ன ப்ரைமர் அடிக்கணும்னு கேளு, சொல்றேன்." பிறகு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "எல்லாச் சுவத்துக்கும் ஒரே ப்ரைமர்னு எவனாச்சும் வித்தா வாங்காதே" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிரகாஷ் மறுபடியும். இந்தத் தடவை கையில் ஒரு காகிதம். அதில் நம் வெப்சைட்டில் என்ன குறை என்று எழுதியிருந்தது. "கஸ்டமர் போட்டோ இல்ல மேடம். பிஃபோர், ஆஃப்டர் போட்டா சேல்ஸ் பிச்சுக்கும்."

ஸ்டெல்லா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். நான்தான் சொன்னேன், "எங்க கஸ்டமர் யாரும் முகத்தைக் காட்டமாட்டாங்க தம்பி."

"அப்போ ஓனர் ஸ்டோரி போடலாமே. ஏன் இந்த பிசினஸ் ஆரம்பிச்சீங்கன்னு."

வெப்சைட்டில் எனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உறவுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அனகாபுத்தூர் நாத்தனாருக்கு இன்றைக்கும் அது 'கட்டி ஆபரேஷன்'தான்.

போகும்போது, மெயில் ஒரு சாம்பிளுக்கு ஃப்ரீயாக அனுப்பிக் காட்டட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பாசிமணி தீர்ந்துவிட்டது. பாரிஸ் கார்னர் போகணும். வெள்ளை எலாஸ்டிக். மாத்திரை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றும் இன்றும் காய்ச்சல். ஆபரேஷன் ஆன பக்கத்து இடது கை சிவந்துவிட்டது. ஸ்டெல்லா வந்து பார்த்து, டாக்டரிடம் போனில் பேசி, ஊசி போட்டுப் போனாள். நான் உள் அறையில் படுத்தே கிடந்தேன். மச்சான் கடையைத் திறக்கவில்லை. ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியமாக இருந்தது. அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. ஒரு விரலால் தட்டுகிற சத்தம் காலையிலிருந்து. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் சட்டென்று திரையை அணைத்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு."

நான் படுக்கவில்லை. உட்கார்ந்தேன். அவரால் எதையும் நெடுநேரம் மறைக்க முடியாது.

நான் சரி என்று சொல்வதற்கு முன்பே பிரகாஷ் அந்த சாம்பிள் மெயிலை அனுப்பியிருக்கிறார். யார் யாருக்கோ. நம் வெப்சைட் பெயரோடு, நம் முகவரியோடு. பதில்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஆம்பளைகள். என்ன எழுதியிருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன். "அசிங்கம். அவ்வளவுதான். நீ படிக்க வேணாம்." காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மொத்தமா செலக்ட் பண்ணி அழிக்கலாமே, எதுக்கு ஒவ்வொண்ணாப் பாத்தீங்க?"

"நடுவுல உண்மையாவே யாராச்சும் கேட்டிருந்தா?"

இந்த மனுஷனோடு இருபத்தி மூன்று வருடம் வாழ்ந்தும் இன்னும் என்னை அழ வைக்கிறார். அவர் சத்தமாகப் பேசாதவர், சீக்கிரம் முகம் சிவப்பவர். அத்தனை கழிசடையையும் அவர் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார், என் கண்ணில் படக்கூடாது என்று. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

ரசம் சாதம் அவரே வைத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காய்ச்சல் இறங்கிவிட்டது.

அவர் அழிக்காமல் வைத்திருந்த ஒரே ஒரு மெயில். "இது மட்டும் படி." ஒரு பெண். பெயர் போடவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். 'இது ஆபீஸ் மெயில். என் மேனேஜரும் பார்ப்பார். இன்று நல்லவேளை நான் முதலில் பார்த்தேன். தயவுசெய்து இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள். ஆனால் எனக்கு அது வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.'

இரண்டு தடவை படித்தேன். ஸ்டெல்லாவும் படித்தாள். அவளுக்குப் பதில் போடவும் முடியாது, போட்டால் மேனேஜர் பார்ப்பார். நம்மைத் தேடுகிறவளுக்கு நாமே ஆபத்தாக இருந்திருக்கிறோம்.

வாராவாரம் கடிதம் அனுப்பும் சாஃப்ட்வேரும் அதோடு போயிற்று. யார் வீட்டு மெயிலை யார் திறப்பார்களோ. மகன், மாமனார், மருமகன். எஸ்.எம்.எஸ். அதைவிட மோசம், போன் கூடத்து மேஜையில் கிடக்கும்.

மதியம் பிரகாஷைக் கூப்பிட்டோம். வந்தார். மச்சான் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். மச்சான் சத்தமே போடவில்லை. "தம்பி, உங்க வீட்டுல அக்கா தங்கச்சி இருக்காங்களா?" என்று ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திக்கொண்டார். "அத விடுங்க. அது பழைய டயலாக். இவ சரின்னு சொன்னாளா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல சார். டார்கெட் இருந்துச்சு. ஆர்வக்கோளாறுல அனுப்பிட்டேன். சாரி மேடம்." அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார், "அந்த லிஸ்ட்ல யார் யார் இருக்காங்கன்னு எனக்கே தெரியாது மேடம். எங்களுக்கும் சி.டி.யாத்தான் வந்துச்சு."

ஸ்டெல்லா கேட்டாள், "நீங்க எங்க எடத்துல இருந்தா எத வாங்குவீங்க? கமிஷன மறந்துட்டுச் சொல்லுங்க."

பிரகாஷ் டையைத் தளர்த்திக்கொண்டு, "தேடறப்ப வர்ற விளம்பரம். அப்புறம் அந்தப் பெட்டி. ரெண்டுலயும் அவங்கதான் உங்ககிட்ட வருவாங்க. நீங்க அவங்ககிட்ட போகமாட்டீங்க" என்றார். பெட்டியை இந்த மாதம் பூராவும் இலவசமாகவே பார்க்கலாமாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதையும் அவரே சொன்னார்.

கோபம் போய்விட்டது. வெயிலில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறுகிற பிழைப்பு.

ஆகஸ்ட் 13, புதன்

பெட்டி வந்துவிட்டது! வெப்சைட்டின் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவு. யாராவது அதில் எழுதினால் நம் கம்ப்யூட்டர் 'டொய்ங்' என்கிறது. ஸ்டெல்லா பக்கத்து பிரவுசிங் சென்டர் போய் அங்கிருந்து 'அக்கா சோறு ஆக்கியாச்சா' என்று அடித்தாள். 'முருங்கைக்காய் சாம்பார்' என்று அடித்தேன். ஓடி வந்துவிட்டாள்.

ஒரு சிக்கல். பெட்டியைத் திறந்ததும் பெயர் கேட்கிறது, ஈமெயில் கேட்கிறது. அந்த ஆபீஸ் பெண் இதைப் பார்த்தால் என்ன செய்வாள்? மூடிவிடுவாள். ஸ்டெல்லா உள்ளே எங்கெங்கோ போய்த் தடவி, இரண்டு கேள்வியையும் எடுத்துவிட்டாள். இப்போது வெறும் கோடு. எழுதலாம், போகலாம். யாரென்று நமக்கும் தெரியாது.

விளம்பரத்துக்கு வார்த்தை கொடுக்க வேண்டும். எந்த வார்த்தையைத் தேடினால் நாம் தெரிய வேண்டும்? ஸ்டெல்லா பெரிய பெரிய மருத்துவச் சொல்லாக எழுதினாள். நான் யோசித்தேன், அன்று நான் தேடியிருந்தால் என்ன அடித்திருப்பேன்? அந்தப் பெயரெல்லாம் எனக்கு என்ன தெரியும். 'ஆபரேஷனுக்கு அப்புறம் ப்ளவுஸ்.' 'ஒரு பக்கம் மட்டும்.' 'சேலை நிற்கவில்லை.' அதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டோம். காசு கட்ட மச்சான் தன் கார்டை எடுத்து நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற முகம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்து மச்சான் தூக்கம்.

பெட்டியில் முதல் ஆள்! இரண்டு பேரும் ஓடினோம். 'பஞ்சு மெத்தை டபுள் காட் என்ன விலை?'

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரியாதையாகவே பதில் சொன்னேன், இங்கே மெத்தை கிடையாது என்று. 'தலையணை?' என்றார்.

பிறகு நாள் முழுக்கச் சத்தமில்லை. மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான். ஸ்டெல்லா போகிற வழியில் நர்ஸிங் ஹோம் யூனிஃபார்ம் துணி விலை கேட்கப் போகிறேன் என்றாள். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் ஒரு 'டொய்ங்'.

தமிழ்தான், ஆங்கில எழுத்தில். 'இன்னாங்க, இது லேடீஸ் மட்டும் பேசறதா? நான் ஜென்ட்ஸ்.'

அந்த அசிங்க மெயில்களின் ஞாபகத்தில் நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஸ்டெல்லா என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். 'சொல்லுங்க அண்ணா' என்று அடித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது.

'கோவளம். போட் இன்ஜின் மெக்கானிக். பேர் அருள்.'

'என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆயி எட்டு மாசம் ஆவுது. மீன் ஏலத்துக்குப் போய்கினு இருந்தா. இப்போ போவல.'

'துணிய சுருட்டி வெச்சுகினு போனா. கூடைய தூக்கும்போது அது நழுவி மேல வந்துச்சு. நாலு பேர் பாத்துட்டாங்க. அதுலேருந்து வூட்ட வுட்டு வெளிய வரல.'

'அவகிட்ட கேக்காம நான் கேக்கறேன். தப்புன்னா சொல்லுங்க.'

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'தப்பே இல்ல அண்ணா' என்று அடித்தாள்.

எந்த வார்த்தையைத் தேடி வந்தார் என்று கேட்டோம். 'ஒரு பக்கம் மட்டும்'தானாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோவளம். நானும் ஸ்டெல்லாவும். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் பஸ். காற்று முகத்தில் உப்பாக அடித்தது. கரையில் போட்டுகள், வலை, நண்டு விற்கிறவர்களின் கூச்சல்.

அருள் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். "நேத்துதான் சொன்னேன். கத்தினா. அப்பறம் கம்முனு இருந்தா. வரவேணாம்னு மட்டும் சொல்லல."

அவர் சம்சாரம் ரோசி. என்னைவிடப் பத்து வயது குறைவு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஊரு பூரா சொல்லி வெச்சுட்டியா?" என்று புருஷனிடம்தான் முதல் பேச்சு. அவர் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார், உள்ளே பார்க்காமல்.

ஸ்டெல்லா அளவு எடுக்க ஆரம்பித்தாள். ரோசி சேலையை விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன நினைத்தேனோ, கதவைச் சாத்தினேன். புர்காவைக் கழற்றி, ரவிக்கைக்குள்ளிருந்து என்னுடையதை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உனக்குமா?"

"எனக்கும்."

"பாத்தா தெரியலயே!"

"அதுக்குத்தான் வந்திருக்கோம்."

கையில் எடுத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், மீனை எடை பார்ப்பது போல. "கனமா கீது. கனமா இருந்தாதான் நிக்கும் இல்ல?" பிறகு சேலையை விட்டாள்.

கொண்டுபோனவற்றில் ஒன்று ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஸ்டெல்லா அங்கேயே பாடியின் உள்ளே பை வைத்துத் தைத்தாள், எவ்வளவு தூக்கினாலும் நழுவாதபடி. ரோசி எழுந்து, மூலையில் கிடந்த காலிக் கூடையை எடுத்தாள். தலைக்கு ஏற்றினாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். குதித்தாள். "ஏய், இங்க வாயேன்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். அருள் உள்ளே வந்து அவள் தலையில் இருந்த கூடையை நேராக வைத்தார்.

வஞ்சிரம் கொடுத்து அனுப்பினார்கள். மீன் வாடைக்குப் பஸ்ஸில் எல்லாரும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா வழி பூரா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். யா அல்லாஹ், இந்த நாளுக்காக நன்றி. இதற்காக நான் அந்த வார்டு வழியாகப் போக வேண்டியிருந்தது என்றால், சரி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இந்த வாரம் பெட்டியில் தினமும் யாராவது. ஒருத்தி பாண்டிச்சேரி. ஒருத்தி ஊரே சொல்லவில்லை, கூரியர் ஆபீஸுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஒருத்தி எழுதிக்கொண்டே இருந்து பாதியில் போய்விட்டாள். திரும்ப வருவாள் என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.

முடிவு:
பல்க் மெயில் – வேண்டாம்.
எஸ்.எம்.எஸ். – வேண்டாம்.
முதல் பக்கம் கியாரண்டி – பிரகாஷே வேண்டாம் என்றார். "யாராலயும் கியாரண்டி தர முடியாது மேடம்."
வாரக் கடிதம் – வேண்டாம். யாராவது அவர்களாகவே கேட்டால் பார்க்கலாம்.
தேடல் விளம்பரம் – கொஞ்சமாக, நம் வார்த்தைகளுக்கு மட்டும்.
பெட்டி – ஆமாம். ஒரு வருடத்துக்கு.

மச்சானிடம் காட்டினேன். கார்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "ப்ரைமர் வாங்கியாச்சா?" என்றார்.

ஸ்டெல்லா நர்ஸிங் ஹோமுக்குப் போன் பண்ணினாள், என் எதிரிலேயே. "வரல சிஸ்டர். இங்க வேல இருக்கு." வைத்துவிட்டு உடனே, "அக்கா, எலாஸ்டிக் எங்க?" என்றாள். நான் எலாஸ்டிக்கைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள். கஞ்சிக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு வாங்கணும். தையல் மிஷினுக்கு எண்ணெய்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வானம் மூடியிருக்கிறது, பெய்யவில்லை. ஸ்டெல்லா கூரியருக்குப் போயிருந்தாள். நான் மட்டும்.

டொய்ங்.

'இருக்கீங்களா?'

'இருக்கேன் மா.'

'நான் ஒரு தடவை மெயில்ல எழுதினேன். இனிமே அனுப்பாதீங்கன்னு. இது பிரவுசிங் சென்டர். இங்க என்னை யாருக்கும் தெரியாது.'

அந்த ஆபீஸ் பெண்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெயில் அனுப்பியது தப்பு, மன்னிக்கணும் என்று எழுதினேன். பரவாயில்லை என்றாள். பிறகு:

'நீங்க யாரு? விக்கிறவங்களா, டாக்டரா? இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?'

விரல் நின்றுவிட்டது. கோவளத்தில் கதவைச் சாத்திவிட்டுக் காட்டியது வேறு. இது எழுத்தில். ஒரு நிமிஷம் மச்சானைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அடித்தேன்.

'எனக்கும் நடந்தது. நாலு வருஷம் ஆச்சு. இடது பக்கம்.'

பெட்டியில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

'கிரைண்டர் கல்லைத் தூக்க முடியுதா உங்களால?'

சிரிப்பு வந்துவிட்டது. என்னை இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி, அனுபவித்தவளுக்குத்தான் பதில் தெரியும். உண்மையையே எழுதினேன்.

'முதல் வருஷம் முடியல. இப்போ வலது கையால தூக்குறேன். இடது கை சும்மா பிடிச்சுக்கும்.'

'அப்போ சரி. அளவு எப்படி எடுக்கணும், சொல்லுங்க.'